விளக்கில் யார் பெயர்? மம்லூக் எனாமல் கண்ணாடியும் ஐரோப்பிய மறுஆக்கமும்

1867ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், பிலிப்-ஜோசப் புரோகார் (1831–1896) என்பவர் எனாமல் வேலை செய்த கண்ணாடிப் பாத்திரங்களைப் பார்வைக்கு வைத்தார். அதற்கு முன் அவர் பழைய கலைப்பொருள்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். பாரிஸின் குளூனி அருங்காட்சியகத்தில் இருந்த சில பள்ளிவாசல் விளக்குகள் அவரைப் பிடித்துக்கொண்டன. நீலமும் பொன்னும் சிவப்பும் கலந்து, அரபு எழுத்துகள் சுற்றி ஓடும் அந்த விளக்குகள், 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான்கள் ஆண்ட எகிப்திலும் சிரியாவிலும் உருவானவை. அந்த வேலையைத் தன் கையால் செய்துபார்க்க வேண்டும் என்று புரோகார் இறங்கினார். கற்றுத்தர ஆசான் இல்லை. அந்தத் தொழில் அது பிறந்த ஊர்களிலேயே நானூறு ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிருந்தது.

கலை வரலாற்று நூல்கள் இந்த முயற்சியைப் பெரும்பாலும் ‘கீழைத்தேய மோகம்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. மோகம் இருந்தது உண்மைதான். ஆனால் பொருள்களையே எடுத்துப் பார்த்தால், இது அறுநூறு ஆண்டுக் கொடுக்கல் வாங்கலின் ஒரு கட்டம் என்பது தெரியும். நகலெடுப்பதே ஆராய்ச்சியாக இருந்த கட்டம் அது. கண்ணாடியின் மேல் யார் பெயர் எழுதப்பட்டது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்த வரலாற்றின் நல்ல பக்கமும் நெருடும் பக்கமும் சேர்ந்தே வெளிப்படும்.

முதலில் மூலப்பொருளைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமீர் துகுஸ்திமூரின் பெயர் தாங்கிய விளக்கு ஒன்று இருக்கிறது. சுல்தான் அந்நாசிர் முஹம்மதின் அவையில் பெரும்பதவி வகித்தவர் துகுஸ்திமூர். மேல்நோக்கி விரியும் கழுத்து, உருண்ட வயிறு, கீழே பீடம், வயிற்றைச் சுற்றிச் சங்கிலி மாட்டுவதற்கான காதுகள் என்று இந்த வகை விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவம்தான். பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கும் உயரம். இதை விளக்கு என்று சொன்னாலும், எரிவது இதற்குள் வைக்கும் சிறு எண்ணெய்க் கிண்ணம்தான். வெளிக்கண்ணாடி சுடரைக் காற்றிலிருந்து காத்து, ஒளியைப் பரப்பித் தரும் உறை.

கழுத்தில் திருக்குர்ஆனின் ‘அந்நூர்’ அத்தியாயத்து 35ஆவது வசனத்தின் பகுதி. இறைவனின் ஒளியை மாடத்துக்குள் இருக்கும் விளக்குக்கும், அந்த விளக்கைச் சூழ்ந்த கண்ணாடிக்கும் உவமையாக்கும் வசனம் அது. அதாவது, கண்ணாடி விளக்கைப் பற்றிய வசனம் கண்ணாடி விளக்கின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. வயிற்றுப் பகுதியில் விளக்கைக் கொடையளித்த அமீரின் பெயரும் பட்டங்களும். நடுவே வட்டத்துக்குள் அவருடைய சின்னமாகக் கழுகும் கிண்ணமும். கிண்ணம், சுல்தானுக்குப் பானம் பரிமாறும் பதவியைக் குறிப்பது.

எழுத்து வைத்த விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வகை விளக்குகள் பலவற்றில் கழுத்து எழுத்துகள் நீல எனாமலால் தீட்டப்பட்டவை. வயிற்று எழுத்துகளோ அதற்கு நேர்மாறு: சுற்றிலும் நீலத்தை நிரப்பி, எழுத்தை மட்டும் வெறும் கண்ணாடியாக விட்டுப் பொன் பூசியிருப்பார்கள். கனத்த நீல எனாமல் ஒளியை மறைக்கும். எழுத்தாக விட்ட இடம் ஒளியை விடும். பகலில் விளக்கைச் சுற்றி ஓடும் அலங்காரமாகத் தெரிவது, உள்ளே சுடர் ஏற்றியதும் கொடையாளியின் பெயராக எரியும். இதை எண்ணித்தான் தொழிலாளி தூரிகையைப் பிடித்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தத் தொழிலாளி யார்? அங்கேதான் மௌனம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அமீர் கௌசூனின் விளக்கில் அலீ இப்னு முஹம்மத் என்ற கைவினைஞரின் பெயர் இருக்கிறது. இப்படிக் கையொப்பமிட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கெய்ரோவில் 1356இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்கென்று எத்தனையோ விளக்குகள் செய்யப்பட்டன. அவற்றில் நாம் படிப்பது சுல்தானின் பெயரைத்தான்.

வேலையின் கடினம் தெரிந்தால்தான் புரோகாரின் துணிச்சல் புரியும். எனாமல் என்பது வேறொன்றுமில்லை, நிறமேற்றிய கண்ணாடித் தூள்தான். வெள்ளைக்கு வெள்ளீய ஆக்சைடு, சிவப்புக்கு இரும்பு ஆக்சைடு, நீலத்துக்குக் கோபால்ட். சில மம்லூக் பாத்திரங்களின் நீலத்தில், இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லின் துகள்களையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தத் தூளைப் பிசினோடோ எண்ணெயோடோ குழைத்துப் பாத்திரத்தின் மேல் வரைவார்கள். பிறகு அதைச் சூடேற்ற வேண்டும். எனாமல் உருகி ஒட்ட வேண்டும். அடியிலிருக்கும் பாத்திரம் இளகிச் சரிந்துவிடக் கூடாது. இரண்டுமே கண்ணாடி. இரண்டும் உருகும் வெப்பங்களுக்கிடையே உள்ள சிறிய இடைவெளிதான் தொழிலாளிக்குக் கிடைக்கும் களம். பொன், சிவப்புக் கோடு, நீலம், வெள்ளை ஒவ்வொன்றும் சூட்டில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இதைக் கணிக்க வெப்பமானி கிடையாது; உலையின் நிறத்தைப் பார்க்கும் கண் மட்டுமே.

1400–1401இல் தைமூர் டமாஸ்கஸைச் சூறையாடி அங்குள்ள கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோனதால்தான் இந்தத் தொழில் அழிந்தது என்று சொல்வது வழக்கம். அது ஒரு காரணம்தான். எகிப்தில் கொள்ளைநோய்கள் மக்கள்தொகையைச் சாய்த்ததையும், அமீர்களின் வருமானம் சுருங்கியதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கொடையளிக்க ஆள் இல்லாமல் இத்தனை செலவுள்ள தொழில் நிற்காது. 15ஆம் நூற்றாண்டுக்குள் அது ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது.

ஐரோப்பாவுக்கு இந்தக் கண்ணாடி 19ஆம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது என்று நினைக்கக் கூடாது. சிலுவைப்போர்க் காலத்திலிருந்தே யாத்திரிகர்களோடும் வணிகர்களோடும் அது மேற்கே போய்க்கொண்டிருந்தது. பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டு எனாமல் கோப்பைகள் இரண்டில் குவிமாடக் கட்டடங்களும் சிலுவைகளும் துறவியரும் வரையப்பட்டிருக்கிறார்கள். கிறித்தவ வாடிக்கையாளருக்காக முஸ்லிம் ஆட்சிப்பகுதியின் பட்டறை செய்த சரக்கு என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். பிரான்ஸ் மன்னர் ஐந்தாம் சார்லஸின் 1379ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலிலேயே டமாஸ்கஸ் பாணிக் கண்ணாடிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பிரான்ஸின் சார்த்ரு நகரத்தில் உள்ள ஒரு கோப்பையை ‘சார்லமேன் கோப்பை’ என்று அழைத்தார்கள். பாக்தாத் கலீஃபா ஹாரூன் அல்ரஷீத், பேரரசர் சார்லமேனுக்கு அனுப்பிய பரிசு என்பது ஐதீகம். சார்லமேன் இறந்தது 814இல். கோப்பையோ ஏறக்குறைய நானூறு ஆண்டு பிந்தியது.

இங்கிலாந்தின் வடக்கே ஈடன்ஹால் மாளிகையில் மஸ்கிரேவ் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்த சிரியக் கோப்பையின் கதை இன்னும் அழகானது. தேவதைகள் விட்டுச்சென்ற கோப்பை, அது உடைந்தால் குடும்பத்தின் அதிர்ஷ்டம் போய்விடும் என்று நம்பினார்கள். அதற்கென்றே 15ஆம் நூற்றாண்டில் தோலுறை செய்தார்கள். உறையின் மூடியில் இயேசுவின் பெயர்க்குறி. ஜெர்மானியக் கவிஞர் ஊலாண்ட் பாடிய கதைப்பாடலில் கோப்பை உடைகிறது. நிஜத்தில் அது கீறல்கூட இல்லாமல் 1926இல் லண்டன் விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்து, 1958இல் அதன் சொந்தமானது. மாளிகைதான் இடிக்கப்பட்டுவிட்டது.

வாங்கி வைத்ததோடு ஐரோப்பா நிற்கவில்லை, செய்யவும் கற்றது. வெனிஸ் நகரம் சிரியாவிலிருந்து செடிச்சாம்பலை வாங்கித் தன் கண்ணாடி உலைகளுக்குப் பயன்படுத்தியது. 1277இல் அந்தியோக்கியாவின் இளவரசரும் திரிப்போலியின் ஆட்சியாளருமான ஏழாம் பொகெமொண்டோடு வெனிஸ் செய்த உடன்படிக்கையில் உடைந்த கண்ணாடிக்கான வரி பேசப்படுகிறது. குப்பை என்று நாம் ஒதுக்கும் சில்லுக்கே ஒப்பந்தம் போடும் அளவுக்கு அந்த வணிகம் முற்றியிருந்தது. 1291இல் வெனிஸின் உலைகள் முரானோ தீவுக்கு மாறின. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அல்திரேவாந்தின் கோப்பை அங்கே, ஏறக்குறைய 1330இல் செய்யப்பட்டது. அதன் மேல்விளிம்பில் அல்திரேவாந்தின் என்ற ஆசான் தன்னைச் செய்ததாகக் கோப்பையே லத்தீனில் சொல்கிறது. இதையும் இதன் உறவுக் கோப்பைகளையும் சிலுவைப்போர் நாடுகளில் செய்தவை என்றுதான் அறிஞர்கள் நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஆவணங்களும் அகழாய்வுகளும் வெனிஸைக் காட்டிய பிறகே கருத்து மாறியது. கெய்ரோவில் அமீரின் பெயர் விளக்கைச் சுற்றி எரிந்த அதே தலைமுறையில், முரானோவில் தொழிலாளியின் பெயர் கோப்பையைச் சுற்றி ஓடியிருக்கிறது.

பிறகு காற்று திசை மாறியது. 1569இல் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சோகொல்லு மெஹ்மத் பாஷாவுக்காக 900 பள்ளிவாசல் விளக்குகள் வேண்டும் என்று, இஸ்தான்புல்லில் இருந்த வெனிஸ் தூதர் மார்கான்தோனியோ பார்பரோ தன் நகரத்துக்கு எழுதினார். விளக்கின் வடிவம் விளங்குவதற்காக வரைபடத்தையும் இணைத்து அனுப்பினார்; அந்த வரைபடம் இன்றும் இருக்கிறது. பள்ளிவாசல் விளக்கு கிறித்தவ ஊரின் உலையிலிருந்து வரத் தொடங்கிவிட்டது. புரோகார் பிறப்பதற்கு 262 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. ‘ஐரோப்பா இஸ்லாமியக் கலையை நகலெடுத்தது’ என்ற ஒற்றை வரி இந்த வரலாற்றுக்குப் போதாது.

19ஆம் நூற்றாண்டில் நடந்ததற்குப் பின்புலம் வேறு. ஆலைகள் பெருகிப் பொருள்கள் மலிந்தபோது, நல்ல வடிவமைப்புக்கு முன்மாதிரி எங்கே என்று ஐரோப்பா தேடியது. பாஸ்கல் கோஸ்த் கெய்ரோவின் கட்டடங்களை அளந்து வரைந்து நூலாக்கினார். ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட அலங்கார இலக்கண நூலில் அரபு, மூரிய, பாரசீக வடிவங்களுக்குத் தனி இடம் கொடுத்தார். பிரிஸ் தவென் கெய்ரோவின் அரபுக் கலையைப் பற்றி வெளியிட்ட பெருந்தொகுப்பு 1869 முதல் 1877 வரை வந்தது. பீங்கான் கலைஞர் தெயோதோர் தெக், துருக்கியின் இஸ்னிக் பீங்கானைப் பார்த்துத் தன் புகழ்பெற்ற நீலத்தை உருவாக்கினார். இதே ஆண்டுகளில் கெய்ரோவின் பள்ளிவாசல்களிலிருந்து விளக்குகள் கழற்றப்பட்டு ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் போய்க்கொண்டிருந்தன. அரபு நினைவுச்சின்னங்களைக் காக்கும் குழு கெய்ரோவில் அமைந்தது 1881இல்தான். அதற்குள் போனவை போய்விட்டன. புரோகார் பாரிஸில் ஒரு விளக்கின் முன் நின்று படிக்க முடிந்தது என்றால், கெய்ரோவில் ஏதோ ஒரு தொழுகைக்கூடத்தில் ஒரு சங்கிலி வெறுமனே தொங்கியது என்று பொருள். அவருடைய திறமையைப் போற்றும்போது இதையும் சொல்லியே ஆக வேண்டும்.

திறமை உண்மையானது. புரோகாரின் நல்ல விளக்குகளில் நீலம் கனத்து, சற்றே மேடாக நிற்கிறது. சிவப்புக் கோடு தூரிகையின் அழுத்தத்தோடு மெலிந்தும் தடித்தும் போகிறது. பொன் தேய்ந்த இடமில்லாமல் பளிச்சிடுகிறது. வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கண்ணாடிதான். மம்லூக் கண்ணாடி லேசான தேன்நிறமோ புகைநிறமோ கொண்டது. அதில் நுண்குமிழிகள் நிறைந்திருக்கும், வடிவம் சற்றே கோணியிருக்கும். 19ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி தெளிவானது, சீரானது. தொழில்நுட்பம் முன்னேறியதால் நகல் மூலத்தைவிடச் சுத்தமாக வந்துவிட்டது. அந்தச் சுத்தம்தான் அதன் குறை. குமிழிகளில் சிதறிய சுடர் தரும் வெதுவெதுப்பு, தெளிந்த கண்ணாடியில் வராது.

அடுத்த வேறுபாடு எழுத்து. மூலத்தை நேரடியாகப் பார்த்துச் செய்த பாத்திரங்களில் அரபு எழுத்துகளைப் படிக்க முடிகிறது. தாங்களே வடிவமைத்த பாத்திரங்களில் ஐரோப்பியக் கைவினைஞர்களின் எழுத்து மெல்ல மெல்ல அலங்காரக் கோடாகிவிடுகிறது. நிமிர்ந்த கோடுகளின் தாளம் இருக்கும், சொல் இருக்காது. பாரிஸின் வரவேற்பறையில் இந்த விளக்கு எரியவும் இல்லை. மேசைமேல் அமர்ந்து பூச்சாடியோடு பூச்சாடியாகிவிட்டது. சுடர் இல்லாத இடத்தில் ஒளி வசனத்துக்கும் வேலை இல்லை. ஆனால் பீடத்தைத் திருப்பினால் அங்கே ஒரு பெயர் தெளிவாக இருக்கும்: புரோகார். அவர் தன் வேலையில் கையொப்பமிட்டார், ஆண்டும் குறித்தார். ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 14ஆம் நூற்றாண்டுக் கைவினைஞருக்குப் பெரும்பாலும் கிடைக்காத உரிமை அவருக்குக் கிடைத்தது. சுல்தான் இருந்த இடத்தில் தொழிலாளி வந்தமர்ந்தார். அதை நான் இழப்பாக மட்டும் பார்க்கவில்லை.

வியன்னாவின் லோப்மைர் நிறுவனம் வேறு வழியில் போனது. 1823இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை அப்போது நடத்தியவர் லுட்விக் லோப்மைர். எகிப்தில் பணிபுரிந்து, 1873 வியன்னா உலகக் கண்காட்சியில் எகிப்தின் கட்டடத்தை வடிவமைத்த செக் கட்டடக் கலைஞர் ஃபிரான்டிஷெக் ஷ்மோரான்ஸையும் அவருடைய கூட்டாளி மாகிட்காவையும் அவர் அழைத்துக்கொண்டார். அவர்கள் 1870களின் பிற்பகுதியில் அரபு, பாரசீகப் பாணிகளில் வரைந்துகொடுத்த தட்டுகளும் குடுவைகளும் வடிவியல் ஒழுங்கு மிக்கவை. பாத்திரத்தின் வடிவத்தை மீறிக் கோடு ஓரிடத்திலும் ஓடாது. எனக்கு அவை கொஞ்சம் குளிர்ச்சியாகப் படுகின்றன. கட்டடக் கலைஞரின் பேனாதான் தெரிகிறது, உலைக்காரரின் கை தெரியவில்லை. ஆனால் ஷ்மோரான்ஸின் ஆர்வம் அத்தோடு முடியவில்லை. பழைய கிழக்கத்திய எனாமல் கண்ணாடிகளைத் தேடித் தேடி ஆவணப்படுத்தினார். அந்த நூல் அவர் மறைந்து ஆறு ஆண்டு கழித்து, 1898இல் வியன்னாவில் வெளிவந்தது. இத்துறையின் தொடக்கநிலை ஆய்வுநூல்களில் ஒன்று அது. வடிவமைப்பாளராகத் தொடங்கியவர் ஆய்வாளராக முடிந்தார்.

முரானோவில் அந்தோனியோ சால்வியாத்தியும் பழைய எனாமல் வேலையை மீட்டெடுத்தார். அங்கே வெனிஸின் சொந்தப் பெருமையை மீட்பதே முதல் நோக்கம்.

எமில் காலேயிடம் (1846–1904) வந்தபோதுதான் கற்றது செரித்தது. பிரான்ஸின் நான்சி நகரத்துக் காலே, 1871இல் லண்டன் சென்று சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் பழைய கண்ணாடிகளைப் படித்தார். புரோகாரின் வேலையும் அவருக்குத் தெரியும். தொடக்கத்தில் அவரும் அரபு, பாரசீகப் பாணிப் பாத்திரங்களைச் செய்தார். 1884இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சிக்கு வரும்போது, எனாமலின் வேதியியலிலேயே புதிய சோதனைகள் செய்திருந்தார். ஒளி புகும் எனாமல்களும் அவற்றில் உண்டு. பிறகு தும்பியும் காட்டுப்பூவும் அவர் கண்ணாடிக்குள் வந்தன. அரபு வளைகோடு லொரேன் பகுதியின் கொடியாக மாறியது. கண்ணாடியின் மேல் வாக்கியம் எழுதும் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. தன் குடுவைகளில் பிரெஞ்சுக் கவிஞர்களின் வரிகளைப் பொறித்தார். கண்ணாடியும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கும் என்ற மம்லூக் பட்டறையின் அறிவு, படிக்கத் தெரியாத எழுத்தைக் கடந்து, இங்கே திரும்பவும் பொருளோடு வந்து சேர்ந்தது என்பது என் கணிப்பு. புரோகாரும் கடைசிக் காலத்தில் பாரிஸைச் சுற்றி வளரும் பூக்களையும் இலைகளையும் தன் எனாமலில் வரைந்தார்.

நகலுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. கையொப்பம் இல்லாத 19ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்கள் மம்லூக் மூலமாக விற்கப்பட்டதும் உண்டு. இன்று அவற்றைப் பிரித்தறிய எனாமலையே விசாரிக்கிறார்கள். பச்சை நிறத்துக்குக் குரோமிய ஆக்சைடு காரணம் என்று தெரிந்தால், வழக்கு முடிந்தது. குரோமியம் என்ற தனிமத்தை வேதியியலாளர் வோக்லன் கண்டுபிடித்தது 1797இல். ஆனால் இதே சோதனைகள் இன்னொன்றையும் செய்கின்றன: புரோகாரும் அவர் காலத்தவரும் எந்தப் பொருளுக்கு எதை மாற்றாகப் போட்டார்கள் என்ற குறிப்பேட்டை நமக்குத் திறந்துவிடுகின்றன. அவர்கள் எழுதிவைக்காத ஆய்வு, எனாமலுக்குள் பதிந்து கிடக்கிறது.

மூல விளக்குகளுக்கும் ஆபத்து ஓயவில்லை. 2014 ஜனவரி 24 அன்று கெய்ரோவில் காவல்துறைத் தலைமையகத்தின் முன் கார்க்குண்டு வெடித்தது. எதிரே இருந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் சிதைந்தது. உலகிலேயே மிகுதியான மம்லூக் விளக்குகளை வைத்திருக்கும் இடம் அது. நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சேதமடைந்தன, விளக்குகளும் நொறுங்கின. வல்லுநர்கள் சில்லுகளைப் பொறுக்கி, ஒட்டவைக்க முடிந்ததை ஒட்டவைத்து, 2017 ஜனவரியில் அருங்காட்சியகத்தை மறுபடி திறந்தார்கள்.

பெரிய அருங்காட்சியகங்களில் மம்லூக் விளக்கு இஸ்லாமியக் கலைக்கூடத்தில் இருக்கும். புரோகாரின் விளக்கு வேறொரு தளத்தில், 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அலங்காரக் கலைகளின் நடுவே இருக்கும். இந்தப் பிரிவினை தவறு. இரண்டையும் ஒரே பெட்டகத்தில் வைக்க வேண்டும். பக்கத்தில் அல்திரேவாந்தின் கோப்பையின் படமும், 1569இல் வெனிஸுக்குப் போன வரைபடத்தின் படியும் இருக்க வேண்டும். மம்லூக் விளக்குக்குக் கீழே எழுதும் குறிப்பில், கொடையளித்த அமீரின் பெயரோடு, செய்தவர் பெயர் தெரியவில்லை என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். எந்தப் பள்ளிவாசலிலிருந்து, எந்த ஆண்டில், யார் கைக்கு மாறியது என்பது தெரிந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

லண்டனுக்கோ பாரிஸுக்கோ போகும் வாய்ப்புள்ளவர்கள் இரு தளங்களுக்கும் ஏறி இறங்கி இரண்டு விளக்குகளையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.